மூன்று கோணமானி, ஒரு கோக் மூடி: வான் பாதுகாப்பு வலையை மேசைமேல் விரிப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை பிற்பகல் தமிழ் வகுப்பு நடக்கிறது. பெரிய பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். வீட்டில் ஆங்கிலம், தெருவில் கொஞ்சம் ஜூலு, தமிழ் என்றால் பாட்டோடும் பூஜையோடும் சரி. “அங்கிள், எண்ணும் திசையும் இதுங்க வாயில வரணும். ஏதாவது விளையாட்டு சொல்லுங்க” என்றார் வகுப்பு டீச்சர். நான் தூத்துக்குடிக்காரன். டர்பன் துறைமுகத்தில் கப்பல் ரேடாரைப் பழுது பார்த்தே 20 வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. எண்ணும் திசையும் சேர்ந்த விளையாட்டு எனக்கு ஒன்றுதான் தெரியும்.

வான் பாதுகாப்பில் பல ரேடார்கள், பல ஏவுகணை மேடைகள், எல்லாவற்றையும் ஒரே வலையில் கோக்கிறார்கள். யார் பார்த்தாலும் எல்லோரும் பார்த்த மாதிரி, யாருக்குத் தோதோ அவர் சுட வேண்டும் என்பது எண்ணம். செய்தியில் படித்தால் கம்பியும் கம்ப்யூட்டரும்தான் கண்ணுக்குத் தெரியும். உள்ளே சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அது மேசைமேல் இரண்டரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

வேண்டிய சாமான்: இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் சார்ட் தாள் இரண்டு. இரண்டிலும் ஒரே வரைபடம், ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். நான் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணக் கடற்கரையை வரைந்தேன். உம்லாங்காவில் ஒரு குண்டூசி, புளஃபில் ஒன்று, தெற்கே ஸ்காட்பரோவில் ஒன்று. இவை ரேடார். ஒவ்வொரு குண்டூசியிலும் 60 செ.மீ. நூல், அடியில் முழுவட்டக் கோணமானி. அப்புறம் நொடிமுள் உள்ள கடிகாரங்கள், துண்டுச் சீட்டு, பென்சில், ரப்பர் பேண்ட், கோக் மூடி சில. மூடிதான் விமானம்.

நடுவில் ஒரு திரை கட்டுங்கள். ஒரு தாள் திரைக்கு இந்தப் பக்கம். அது நிஜ ஆகாயம். மூடியை நான்தான் நகர்த்துவேன், நான்கு நொடிக்கு ஒரு சென்டிமீட்டர். அதாவது நொடிக்கு 250 மீட்டர், பயணிகள் ஜெட் போகும் வேகம். ரேடார் பிள்ளைகள் நூலை மூடிவரை இழுத்து, திசையையும் தூரத்தையும் சீட்டில் எழுதுவார்கள். ஓடுகிற பிள்ளைகள் சீட்டைத் திரைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோவார்கள். அங்கே இருக்கும் இரண்டாவது தாளைச் சுற்றி நிற்பவர்களுக்கு நிஜ ஆகாயம் தெரியவே தெரியாது. சீட்டு மட்டும்தான். 1940-இல் லண்டனுக்கு வெளியே பென்ட்லி பிரையரியில் இதையேதான் செய்தார்கள். கடற்கரை ரேடார்கள் தொலைபேசியில் சொன்னதைப் பெரிய மேசைமேல் வைத்து, எது ஒன்று, எது இரண்டு என்று பிரிக்கும் அறைக்குப் பெயரே வடிகட்டும் அறை. நமது மேசையும் அதுதான்.

(இந்த நாட்டுக்கும் இது புதிதல்ல. இயற்பியலாளர் பேசில் ஷோன்லாண்டின் குழு ஜோகன்னஸ்பர்க்கில் சொந்தமாக ஒரு ரேடார் செய்து 1939 டிசம்பரிலேயே முதல் எதிரொலியைப் பிடித்துவிட்டது. பிள்ளைகளுக்குச் சொன்னேன், ஒருவனும் நம்பவில்லை.)

முதல் சுற்றில் எதையும் திருத்தாதீர்கள். கெட்டுப்போகட்டும்.

எங்கள் முதல் சுற்றில் உம்லாங்கா சீட்டு “ஒன்பது டிகிரி, நாப்பது கிலோமீட்டர்” என்று வந்தது. மேசைக்காரி ஊசியை வடக்கே குத்தினாள். மூடி கிழக்கே கடல்மேல் நின்றது, 90 டிகிரியில். ரேடார் பையன் மனதில் நினைத்தது தொண்ணூறு, எழுதியது ஒன்பது. ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம்: இந்த மூன்றும் இங்கே பிறந்த பிள்ளைகளை மட்டுமா குழப்புகிறது? ஊரில் நானே வாய்ப்பாட்டில் இதற்கு அடி வாங்கியிருக்கிறேன். ஆகவே முதல் விதி: திசையை மூன்று இலக்கமாக, ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சுழி ஒன்பது சுழி. விமானிகளும் மாலுமிகளும் வானொலியில் அப்படித்தான் சொல்கிறார்கள். எண் பயிற்சி வேண்டும் என்று கேட்ட டீச்சருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். தூரத்தை மட்டும் முழுச் சொல்லாகச் சொல்லலாம் என்று சமாதானம் செய்துகொண்டோம்.

ராணுவ வலைகளிலும் இந்தக் கட்டுப்பாடு உண்டு. நேட்டோ நாடுகள் பயன்படுத்தும் லிங்க் 16 என்ற வானொலி வலையில் ஒவ்வொரு செய்திக்கும் முன்பே வகுத்த அச்சு இருக்கிறது. எந்த இடத்தில் என்ன எண் வரும் என்பது மாறாது. பேசுவதற்கும் முறை உண்டு. ஒரு நொடியை 128 துண்டாக வெட்டி, உன் துண்டு வரும்போது மட்டும் நீ பேசு என்கிறார்கள். ஒரு துண்டு 7.8125 மில்லிநொடி. தென்னாப்பிரிக்கப் படைகளுக்கும் லிங்க் இசட்ஏ என்று சொந்தமாக ஒன்று இருக்கிறது. எங்கள் மண்டபத்தில் கைபேசியில் தாளம் தட்டும் மெட்ரோனோம். ஒரு டிக்குக்கு ஒரு ரேடார், அடுத்த டிக்குக்கு அடுத்தது. இது வந்த பிறகுதான் கூச்சல் அடங்கியது.

இரண்டாம் சுற்றுக்கு முன்னால் ஒரு திருட்டுத்தனம் செய்யுங்கள். பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போகும்போது ஒரு கோணமானியை 10 டிகிரி திருப்பி ஒட்டிவிடுங்கள். நான் ஸ்காட்பரோவைத் திருப்பினேன். ஒரே ஒரு மூடியைத்தான் விட்டேன். மேசையில் இரண்டு விமானம் முளைத்தது. பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் ஜோடியாகப் பறந்தன, இரண்டும் ஒரே வேகம். “அங்கிள், ரெண்டு வருது!” என்றார்கள். இரண்டுக்கும் ஏவுகணையும் ஒதுக்கிவிட்டார்கள்.

கப்பல்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு: 60 மைல் தூரத்தில் ஒரு டிகிரி தப்பினால் ஒரு மைல் விலகும். இதைப் பிள்ளைகள் சுவரில் எழுதி ஒட்டட்டும். எனக்கு இது புத்தகத்தில் வந்த பாடமில்லை. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சரக்குக் கப்பலில் புகார்: ரேடார் திரையில் ஒவ்வொரு கப்பலும் இரண்டாகத் தெரிகிறது. ரேடார் எதிரொலி ஒரு புள்ளி. அந்தக் கப்பலே ஏஐஎஸ் என்ற தானியங்கி வானொலிக் கருவி வழியாக “நான் இங்கே இருக்கிறேன்” என்று சொல்வது ஒரு முக்கோணம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் கருவி ஒன்றாகச் சேர்த்துக் காட்டும். விழவில்லை. ஆன்டெனாவைப் பார்த்தேன், கேபிளைப் பார்த்தேன், காலையில் ஏறியவன் மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு மூன்று மணிவரை திருகினேன். கடைசியில் பார்த்தால் திசைத் திருத்தத்தில் இரண்டரை டிகிரி தவறாக உட்கார்ந்திருக்கிறது. அதைப் போட்டது யார்? ஆறு மாதம் முன்னால் நானேதான். 12 மைல் தள்ளி நிற்கும் கப்பல் அரை மைல் விலகித் தெரிந்தது. எந்தக் கருவியும் கெடவில்லை. வடக்கு எது என்பதில்தான் இரண்டுக்கும் சண்டை.

வலை கோக்கும்போது முதல் வேலை இதுவே. வடக்கு ஒன்றாக இருக்க வேண்டும். தன் இடம் எது என்பது எல்லோருக்கும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்க வரைபடங்கள் 1999 ஜனவரி 1 அன்று பழைய கேப் ஆதாரக் கணக்கிலிருந்து (ஒவ்வொரு இடத்துக்கும் எண் கொடுக்கும் அடிப்படை) புதியதற்கு மாறின. அதே எண்ணைப் பழைய கணக்கில் குத்தினால் சில நூறு மீட்டர் வரை தள்ளிப் போகும். ஒருத்தர் பழைய தாள், ஒருத்தர் புதிய தாள் வைத்திருந்தால் கம்பி எவ்வளவு வேகமாக இருந்தும் பிரயோசனம் இல்லை.

திருத்துவது எப்படி என்று கேட்டால், எல்லா ரேடாரும் சேர்ந்து பார்க்கும் ஒரு மூடியை விடுங்கள். அது எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யாருடைய சீட்டு விலகுகிறதோ அவருடைய கோணமானியைப் பாருங்கள். நிஜ வலைகளிலும் பொதுவாகத் தெரியும் விமானங்களை வைத்து இந்த விலகலைக் கண்டுபிடித்துக் கழிக்கிறார்கள்.

மூன்றாம் சுற்று கடிகாரம். ஒரு ரேடாரின் கடிகாரத்தை 15 நொடி பின்னால் வையுங்கள். மேசையில் ஊசி நாலு சென்டிமீட்டர் தள்ளி விழும். விமானத்துக்கே இப்படி. மூடியை ஏவுகணை வேகத்தில் நகர்த்திக் காட்டுங்கள், நொடிக்கு இரண்டு சென்டிமீட்டர். 15 நொடியில் 30 சென்டிமீட்டர் போயே போய்விடும். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இந்த மாதிரிக் கடிகாரச் சறுக்கலில்தான் 28 அமெரிக்க வீரர்கள் செத்தார்கள். வரும் ஏவுகணையைச் சுட்டுத் தடுக்கும் பேட்ரியாட் கருவி நொடியில் பத்தில் ஒரு பங்கை இரும எண்ணாக 24 இலக்கத்தில் வைத்திருந்தது. பத்தில் ஒன்று இருமத்தில் முடியாமல் ஓடும் எண். வால் வெட்டுப்பட்டது. ஒவ்வொரு தடவையும் துளித் துளியாகச் சேர்ந்து, அணைக்காமல் 100 மணி நேரம் ஓடியதில் மூன்றில் ஒரு நொடி பிசகியது. வரும் ஸ்கட் ஏவுகணையை அறுநூறு மீட்டருக்கு மேல் தள்ளித் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை, ஆகவே சுடவும் இல்லை. திருத்திய நிரல் மறுநாள் வந்து சேர்ந்தது. ஒற்றைக் கருவிக்குள்ளேயே இப்படி என்றால், பத்துக் கருவிகள் பத்துக் கடிகாரத்தோடு பேசினால் என்ன ஆகும்?

அதனால் சீட்டில் மூன்றாவதாக நேரம் எழுத வேண்டும். சீட்டு வந்த நேரம் அல்ல, பார்த்த நேரம். ஓடுகிற பிள்ளை நடுவில் வடை வாங்கப் போய்விட்டுத் தாமதமாக வந்தாலும், பார்த்த நேரம் இருந்தால் ஊசியை முன்னால் தள்ளிக் குத்திவிடலாம். (உண்மையிலேயே போனான்.)

நான்காவதாக ஒன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது: எவ்வளவு உறுதி? 0 முதல் 15 வரை ஒரு எண். லிங்க் 16-இல் ஒவ்வொரு தடத்துக்கும் (வலை தொடர்ந்து பார்த்துவரும் ஒவ்வொரு விமானத்துக்கும்) இப்படி ஒரு தர எண் கூடவே போகிறது. யாருடைய எண் பெரியதோ அவர்தான் அந்தத் தடத்தைப் பற்றிப் பேசுவார், மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். பிள்ளைகள் ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் 15 போடுவார்கள். நூல் தொட்டும் தொடாமலும் இருக்கும்போது 3 போடுவது அவமானம் இல்லை என்று புரிய ஒரு சுற்று ஆகும்.

சீட்டுக்கும் மேலே போக விரும்பினால் இரண்டு பாணியையும் செய்து பாருங்கள். ஒன்று, ஒவ்வொரு ரேடாரும் தானே கணக்குப் போட்டு “விமானம் இங்கே, இந்தப் பக்கம் போகிறது” என்று முடிவைச் சொல்வது. மற்றது, பார்த்ததை அப்படியே அளவாகக் கொட்டிவிடுவது. மேசை சேர்த்துக் கணக்குப் போடும். முதலாவது ஆக்கிய குழம்பு, இரண்டாவது நறுக்கின காய். அமெரிக்கக் கடற்படையின் கூட்டுத் தாக்குதல் வலை இரண்டாம் பாணி. ஒவ்வொரு கப்பலும் எல்லாக் கப்பல்களின் அளவுகளையும் வாங்கி ஒரே மாதிரிக் கணக்குப் போடுகிறது, அதனால் தன் ரேடாரில் தெரியாத ஒன்றைக்கூட அடுத்த கப்பல் பார்த்ததை வைத்தே சுட முடியும். காய் நிறைய எடை. கம்பி தாங்க வேண்டும்.

ஆக்கிய குழம்பில் ஒரு விஷமும் உண்டு. ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆயா அதைச் சட்டென்று பிடித்துவிட்டார். உம்லாங்கா புளஃபிடம் சொல்கிறது. புளஃப் அதைத் தன் சீட்டில் எழுதி மேசைக்கு அனுப்புகிறது. உம்லாங்காவின் சீட்டும் தனியாக வருகிறது. மேசை இரண்டு சாட்சி என்று எண்ணி உறுதியை ஏற்றிவிடுகிறது. ஆயா சிரித்தார்: “எங்க ரோட்டுல இப்படித்தான். நான் ஒருத்திகிட்ட சொன்னதே மூணு வீடு சுத்தி எங்கிட்டயே வரும். ஊரே சொல்லுதுன்னு நானும் நம்பிருவேன்.” பொறியாளர்கள் இதற்குக் கணித வழி பல வைத்திருக்கிறார்கள். நமக்கு எளிய வழி: சீட்டில் முதலில் பார்த்தவர் பெயர் இருக்கட்டும். வேறு கையெழுத்தில் வந்தாலும் அதே பெயர் என்றால் ஒரு சாட்சிதான்.

பெயர் என்றதும் எண் ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு விமானத்துக்கும் மேசை ஒரு எண் தரும். இரண்டு ரேடார் ஒரே விமானத்துக்கு வேறு வேறு எண் கொடுத்துவிட்டால் ஒன்றை நீக்க வேண்டும். நீக்கிய எண்ணை அந்தப் பிற்பகல் முழுக்க யாருக்கும் திரும்பக் கொடுக்காதீர்கள். 1988 ஜூலை 3 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் ஈரானியப் பயணிகள் விமானத்தை வீழ்த்தியது. 290 பேர் இறந்தார்கள். அந்தத் தடத்துக்கு முதலில் இருந்த எண் 4474. வலை அதை இன்னொரு கப்பல் தந்த எண்ணோடு சேர்த்து 4131 ஆக்கிவிட்டு, 4474-ஐத் தொலைவில் இருந்த ஒரு போர் விமானத்துக்குக் கொடுத்துவிட்டது. மேலே ஏறிக்கொண்டிருந்த பயணிகள் விமானத்தை இறங்கிவருவதாகக் கப்பலில் சொன்னதற்கு இந்த எண் குழப்பமும் காரணமாக இருக்கலாம் என்று பிறகு ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள்.

சுடும் சுற்று சுருக்கம். மூன்று பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு ரப்பர் பேண்ட். யார் சுடுவது என்று சொல்லாமல் விட்டால் முதல் மூடியிலேயே மூவரும் காலி செய்துவிடுவார்கள். இரண்டாவது மூடி நிம்மதியாக வந்து இறங்கும். மேசை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்: நீ ஒன்று சுடு, பட்டதா பார், இல்லையென்றால் அடுத்தது. நமது கடற்படையின் வேலர் வகைக் கப்பல்களில் உள்ள உம்கோன்டோ ஏவுகணையைச் சொன்னால் இங்கே பிள்ளைகளுக்கு உற்சாகம், அது அவர்களுக்குத் தெரிந்த ஜூலுச் சொல். ஈட்டி என்று பொருள். “முருகன் வேல்!” என்று ஒருத்தி கத்தினாள். கப்பல் ரேடார் சொல்லும் இடத்தை நோக்கிப் போய், வழியில் திருத்தம் வாங்கிக்கொண்டு, கிட்டே போனதும் தன் அகச்சிவப்புக் கண்ணால் இலக்கைப் பிடிக்கும் வேல். கப்பல் தப்பாகச் சொன்னால் வேலும் தப்பான பக்கம்தான் போகும்.

தாழப் பறக்கும் மூடிக்குத் தனியாக ஒரு விதி சேருங்கள்: பூமி உருண்டை. 25 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால், கடலை ஒட்டி 5 மீட்டரில் வரும் ஏவுகணையைச் சுமார் 30 கிலோமீட்டருக்குள் வந்த பிறகுதான் பார்க்க முடியும். ஆன்டெனாவை 100 மீட்டர் மேட்டில் வைத்தால் சுமார் 50. ஆகவே நூலை அதற்கேற்ப வெட்டுங்கள். உயரத்தில் இருக்கும் ரேடார் பார்த்ததைத் தாழ்வில் இருக்கும் ஏவுமேடைக்குக் கொடுப்பது எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கடைசிச் சுற்றுக்கு நான் வைத்த பெயர் லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது. இங்கே எல்லோருக்கும் அது சாப்பாட்டு நேரம் மாதிரிப் பழகின விஷயம். சுற்று நடக்கும்போதே ஓடுகிற பிள்ளைகளை நிறுத்திவிடுங்கள். மேசை ஊமை. சுடுகிறவர் தன் நூலும் கோணமானியும் மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டும். அதனால் வலை அறுந்தால் என்ன விதி என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். ராணுவத்தில் மூன்று நிலை: உத்தரவு வந்தாலோ தன்னைத் தாக்கினாலோ தவிரச் சுடாதே, எதிரி என்று உறுதியானதை மட்டும் சுடு, நண்பன் என்று உறுதியாகாத எதையும் சுடலாம். மூன்றையும் அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு அட்டையோடும் ஒரு சுற்று ஆடுங்கள்.

2020 ஜனவரி 8 அன்று தெஹ்ரானில் உக்ரைன் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 176 பேர் இறந்தார்கள். ஏவுமேடையை இடம் மாற்றியபோது வடக்கைத் திரும்பச் சரிசெய்யவில்லை, 107 டிகிரி பிசகு என்றது ஈரான் விமானத் துறையின் அறிக்கை. அதனால் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய விமானம் வேறு திசையிலிருந்து வருவதாகத் தெரிந்தது. தலைமையகத்துக்கு அனுப்பிய செய்தியும் போய்ச் சேரவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் கடைசிச் சுற்றை ஆடினோம்.

புளஃபில் இருந்த பையனுக்குப் பத்து நொடி கொடுத்தேன். மூடி அவனை நோக்கி வந்தது. அவன் ரப்பர் பேண்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து கோணமானியின் வடக்கைச் சரிபார்த்தான். நேரம் முடிந்தது. மூடியைத் திருப்பிக் காட்டினேன். அடியில் “பயணிகள்” என்று எழுதியிருந்தது. கைதட்டல். அடுத்த தடவையும் மூடி வந்தது, அவன் அதே மாதிரி குனிந்து பார்த்தான், அதே பத்து நொடி போனது. இந்த முறை அடியில் “ஏவுகணை”. மேசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: “இப்ப யார் மேல தப்பு, அங்கிள்?” வடக்கைச் சரிபார்ப்பது சுற்று தொடங்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் பசை கேட்டான், கோணமானியை ஒட்டிவிட.